டபரா இல்லாத டம்ளர்: கல் உருட்டின கதை

"ராக் டம்ளர்"னு சொன்னாலே நம்ம ஊர்ல முதலில் வர்ற கேள்வி, "டபரா எங்கே?" என்பதுதான் :-) இது காபி குடிக்கிற டம்ளர் இல்லைங்க. கரடுமுரடான கல்லை உருட்டி உருட்டி மெருகேற்றுகிற ஒரு சின்ன இயந்திரம். ஒரு ரப்பர் பீப்பாய், அதுக்கு அடியில் சுழலும் இரண்டு உருளை, ஒரு குட்டி மோட்டார். அவ்வளவுதான் சமாச்சாரம். உள்ளே கல், கொஞ்சம் தூள், தண்ணி. கிட்டத்தட்ட நாலு வாரம் இரவு பகலா ஓடவிட்டா, கண்ணாடி மாதிரி பளபளக்கிற கல் வெளியே வரும்.

புதுசா இந்தப் பொழுதுபோக்குக்கு வர்றவங்க எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: முதல்ல எந்த டம்ளர் வாங்கலாம்? பதில் சொல்றவங்க விலை, வாட், பவுண்டு, கம்பெனி பேர்னு பட்டியல் போடுவாங்க. ஆபீசில் ஆணி பிடுங்கினது போக மிச்ச நேரத்துல பழங்கதை தோண்டுறது என் வழக்கம். அப்படித் தோண்டினதுல தெரிஞ்ச விஷயம் இது. மோட்டார் வருவதற்கு முன்னாடியே இந்தக் கேள்விக்கான பதில் குஜராத்தில் ஒரு தோல்பைக்குள் இருந்திருக்கிறது. அந்தப் பையைப் புரிஞ்சுக்கிட்டா எந்த மெஷின் வாங்கணும்னு யாரையும் கேட்க வேண்டாம். அந்தப் பை ஓடின ஊரில் நடந்த இன்னொரு சோகமும் தெரியவரும். அதையும் தெரிஞ்சுக்கிட்டு வாங்குறதுதான் நியாயம்.

ஓடை செய்யற பாதி வேலை

எங்க தேவதானத்துல இருந்தே ஆரம்பிப்போம். ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலும் சாஸ்தா கோயில் அணையும்தான் வெளியூர்க்காரங்களுக்கு அடையாளம். மலையிலிருந்து இறங்குற ஓடையில கல் எல்லாம் உருண்டையா, வழவழன்னு இருக்கும். தண்ணிக்குள்ள கிடக்கும்போது என்ன நிறம், என்ன மினுமினுப்பு! வெளியே எடுத்து வெயிலில் காயவெச்சா அஞ்சே நிமிஷத்துல சாம்பல் பூத்த மாதிரி மங்கிடும்.

காரணம் எளிசு. ஓடை கல்லை உருட்டுது, மூலையெல்லாம் மழுங்குது, ஆனா உருட்டறப்ப கூட இருக்கிறது பருமனான மணல். அது கல்லின் மேல் நுண்ணிய கீறல்களை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கீறல்களில் பட்ட வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறுவதால் கல் மங்கலாத் தெரியுது. ஈரமா இருக்கும்போது தண்ணி அந்தப் பள்ளங்களை நிரப்பி மேல்பரப்பைச் சமமாக்கிடுது. தண்ணி இல்லாமலேயே அந்தப் பளபளப்பு நிக்கணும்னா, கீறல் ஒளியின் அலைநீளத்தை விட, அதாவது சுமார் அரை மைக்ரானை விட, சின்னதாகணும். அதுக்கு மணலை விட நயமான தூள், அதை விட நயமான தூள்னு படிப்படியா மாத்தணும். ஓடைக்கு அந்தப் பொறுமை கிடையாது. மனுஷனுக்கு இருந்தது.

வெம்பக்கோட்டையில் கிடைச்ச சிவப்புக்கல்

சாஸ்தா கோயில் அணைக்கு வர்ற தண்ணியும் வைப்பாறு படுகையைச் சேர்ந்ததுதான். அதே வைப்பாற்றங்கரையில், எங்க மாவட்டத்திலேயே கிழக்கே இருக்கு வெம்பக்கோட்டை. 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு ஆரம்பிச்சாங்க. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொருள்களோட சூதுபவள மணிகளும் கிடைச்சது. 2024ல் மூன்றாம் கட்ட அகழாய்வில், திமிலோட ஒரு காளை உருவம் செதுக்கின சூதுபவளம் கிடைச்சதா செய்தி வந்தது.

சூதுபவளம்னா கடல் பவளம் இல்லை. குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்த செந்நிறக் கல். கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7 கிட்ட வரும், இரும்புக் கத்தியால் கீற முடியாது. எங்க மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும்தான், சூதுபவளம் விளையாது. அது எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணப் பாறைகளோட பொந்துகளில் உருவாகிற கல். அதனால் தமிழகத்தில் கிடைக்கிற சூதுபவளங்களுக்கான கல் குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.

அப்படி வந்த கல்லுக்கு இங்கே பட்டறையும் இருந்திருக்கு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் கொடுமணல்தான் அது. பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர். 1985 முதல் பல கட்டங்களாக அங்கே தோண்டியதில் பச்சைக்கல் (பெரில்), நீலக்கல், செவ்வந்திக்கல், பளிங்கு, சூதுபவளம் என எல்லாம் கிடைத்தன. அதை விட முக்கியம், முழுசா முடிஞ்ச மணி மட்டும் இல்லை. உடைச்ச கல், பாதி தேய்ச்ச கல், துளை போடும்போது உடைஞ்ச கல் என ஒவ்வொரு கட்டத்து மிச்சமும் கிடைச்சது. பச்சைக்கல்லுக்குப் பக்கத்திலேயே படியூர், நீலக்கல்லுக்குச் சிவன்மலை. சூதுபவளம் மட்டும் தூரத்திலிருந்து வந்த சரக்கு.

அதனால் அந்தச் சரக்கு புறப்பட்ட ஊருக்கே ஒரு நடை போயிட்டு வருவோம்.

கம்பாத் தோல்பை

குஜராத்தில் வளைகுடா ஓரமா இருக்கு கம்பாத் (பழைய காம்பே). பக்கத்திலேயே லோத்தல். 1955 முதல் எஸ்.ஆர். ராவ் தோண்டிய சிந்துவெளி ஊர், அங்கேயே ஒரு மணிப் பட்டறை இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பார்போசா, இந்தப் பகுதியின் சூதுபவள வேலையைப் பற்றி எழுதி வெச்சிருக்கார். ஆக, இடையில் ஏற்ற இறக்கம் இருந்தாலும் நாலாயிரம் வருஷத்துக்கு மேலா கல் மணி செய்யற வட்டாரம்.

பரூச் பக்கம் ரத்தன்பூரில் தோண்டி எடுத்த கல்லை முதலில் வெயிலில் காய வைப்பாங்க. அப்புறம் மண்பானையில் வெச்சு மூட்டம் போட்டு மெதுவா சுடுவாங்க. கல்லுக்குள்ள இருக்கிற இரும்புச் சேர்மத்தில் நீர் போய், மஞ்சள் சிவப்பாகும். பிறகு தரையில் நட்ட இரும்புக் கூர்மேல் கல்லை வெச்சு, கொம்பால் செஞ்ச சுத்தியலால் தட்டித் தட்டி உருவம் கொண்டு வருவாங்க. அப்புறம் தேய்ப்பு. கடைசியா மெருகு.

பெரிய கல்லை ஒவ்வொண்ணா கையில பிடிச்சு மெருகேத்தலாம். ஆயிரக்கணக்கான குட்டி மணிகளுக்கு அது நடக்குமா? அங்கேதான் தோல்பை வருது. 19ஆம் நூற்றாண்டின் பம்பாய் கெஸட்டியர் இதை விவரிச்சிருக்கு. சுமார் இரண்டடி நீளத்துக்கு உறுதியான தோல்பை. உள்ளே மணிகள், குருந்தத் தூள், கல்லைத் துளைக்கும்போது விழும் நயமான கல் தூள், ஈரத்துக்குத் தண்ணி. வாயை இறுக்கிக் கட்டி, நடுவில் ஒரு தோல்வாரைச் சுத்துவாங்க. நீளமான அறையில் இந்தக் கோடிக்கு ஒருத்தர், அந்தக் கோடிக்கு ஒருத்தர். வாரை இழுத்து இழுத்துப் பையை உருட்டிக்கிட்டே இருப்பாங்க. எத்தனை நாள்? பத்துப் பதினைஞ்சு நாள்! பை காயாமல் ஈரம் விட்டுக்கிட்டே இருக்கணும்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்"னு நாம சும்மா சொல்லிட்டுப் போறோம். அதையே சம்பளத்துக்குச் செஞ்சவங்க இவங்க.

20ஆம் நூற்றாண்டில் மின்சாரம் வந்ததும் அந்த இரண்டு ஆள் இடத்தில் மோட்டாரும், தோல்பை இடத்தில் பீப்பாயும் வந்தன. கெனோயர், விடாலே, பான் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் கம்பாத் மணித்தொழிலை நேரில் கவனித்து 1991ல் ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டாங்க. சிந்துவெளி மணிகளைப் புரிஞ்சுக்க இன்றைய கம்பாத் பட்டறை ஒரு சாவி என்பது அவங்க வாதம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கையால் தேய்ச்ச கல்லில் கீறல் ஒரே திசையில் வரிசையா இருக்கும், உருட்டின கல்லில் எல்லாத் திசையிலும் இருக்கும். பழைய மணிகளை இப்படித்தான் விசாரிக்கிறாங்க.

பை சொல்ற பாடம்

இப்போ மேட்டருக்கு வருவோம். இந்தப் பையை வெச்சே நம்ம மெஷினைத் தேர்ந்தெடுக்கலாம்.

1. ஏன் தோல்? கல்லோட கல் மோதினாலும் சுவரில் மோதும்போது அடிபடக் கூடாது. இன்னிக்கு அந்த வேலையைச் செய்யறது ரப்பர். மலிவான மெஷின்களில் பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கும். சத்தமும் அதிகம், தேய்மானமும் அதிகம். ஒரு மாசம் வீட்டில் ஓடப் போற சாமான் என்பதை மறக்காதீங்க. ரப்பர் பீப்பாய்தான் முதல் நிபந்தனை.

2. எவ்வளவு பெரிசு? கல் உருளணும்னா கூட்டம் வேணும். பீப்பாயில் மூணில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் வரை கல் நிரம்பணும். கம்மியா போட்டா கல் சறுக்கி விழுந்து விரிசல் விடும். சின்ன பீப்பாயில் இரண்டு பெரிய கல்லைப் போட்டு உருட்ட முடியாது. 3 பவுண்டு (சுமார் 1.4 கிலோ) பீப்பாய் ஆரம்பிக்கிறவங்களுக்குப் போதும். 1 பவுண்டு பொம்மை மாதிரி மெஷின் சீக்கிரம் அலுத்துடும்.

3. எவ்வளவு வேகம்? பை மெதுவாத்தான் உருண்டது. பீப்பாய் ரொம்ப வேகமா சுத்தினா கல் சுவரோட ஒட்டிக்கிட்டுச் சும்மா சுத்தும். கல்லூரியில் படிச்ச மையவிலக்கு விசைதான். உள் விட்டம் 10 செ.மீ. பீப்பாய்க்குக் கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு சுமார் 134 சுற்றில் அது நடக்கும். அதில் பாதி வேகத்துக்கும் கீழே இருந்தாத்தான் கல் சரிவில் சறுக்கிச் சறுக்கி இறங்கும். அந்தச் சறுக்கல்தான் மெருகு. சிமெண்ட் ஆலையில் இருக்கிற பந்து மில்லும் இதே சுழலும் உருளைதான், ஆனா அங்கே வேகத்தைக் கூட்டி இரும்புப் பந்துகளை மேலிருந்து விழவைப்பாங்க, பொடியாக்குறதுக்கு. நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். வேகத்தைக் கூட்டற பட்டன் இருக்குன்னு விளம்பரம் பார்த்து மயங்காதீங்க.

4. உருட்டறதா, அதிர்றதா? அதிர்வு டம்ளர்னு ஒரு வகை இருக்கு. வாரக் கணக்கை நாள் கணக்காக்கும். ஆனா அது கல்லின் உருவத்தை மாத்தாது, இருக்கிற உருவத்தைத்தான் மெருகேத்தும். உடைச்ச கல்லை உருண்டையாக்கணும்னா சுழலும் வகைதான் வேணும். கம்பாத்தில் தட்டித் தேய்ச்சு உருவம் கொடுத்த பிறகுதான் பைக்குள் போட்டாங்க. நம்மகிட்ட அந்தக் கைவேலை இல்லை, அதனால் முதல் டம்ளர் சுழலும் வகையாவே இருக்கட்டும்.

5. கரண்ட்? அமெரிக்க மெஷின் பலதும் அவங்க 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வெச்சு வோல்ட்டைக் குறைச்சாலும் ஹெர்ட்ஸ் மாறாது, சில வகை மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாச் சுத்தும், சூடும் ஏறும். வாங்கறதுக்கு முன்னாடி மோட்டார் தகட்டில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 25 வாட் மோட்டார் 28 நாள் நிக்காம ஓடினாலும் 17 யூனிட்தான்.

தூளுக்குள்ள ஒரு தமிழ்ச் சொல்

மெஷினை விட முக்கியம் தூள். முதல் வாரம் 60/90 எண் கொண்ட பருமனான தூள், அடுத்து 120/220, அப்புறம் 500, கடைசியா மெருகுத் தூள். எண் ஏற ஏறத் தூள் நயமாகும். வீட்டில் மொசைக் தரை போட்டப்ப எண் மாத்தி மாத்திக் கல் போட்டுத் தேய்ச்சாங்களே, அதே கணக்கு. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் கல்லையும் பீப்பாயையும் நல்லாக் கழுவணும். பருமனான தூள் ஒரு பொடி மிச்சமிருந்தாலும் கடைசி வாரத்தில் கீறி வெச்சிடும்.

அந்தக் கெஸட்டியர் பையில் இருந்தது குருந்தத் தூள்னு சொன்னேன் இல்லையா. ஆங்கிலத்தில் 'கொரண்டம்'. அந்த ஆங்கிலச் சொல்லே நம்ம தமிழ் 'குருந்தம்' என்பதிலிருந்து போனதுதான், அகராதிகளே அப்படிச் சொல்லுது. கடினத்தன்மை 9, வைரத்துக்கு அடுத்த இடம். சேலம், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் கிடைக்கிற கல். குருந்தப் பொடியையும் அரக்கையும் சேர்த்துச் செஞ்ச சாணைச் சக்கரத்தில்தான் நம்ம நாட்டு மணிக்காரங்க ரத்தினம் தேய்ச்சாங்க. 1798ல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இந்தக் கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்.

கதை இங்கே முடியலை. 1891ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் செய்யப் போய், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கினார். வைரம் வரலை, ஒரு கடினமான பளபளப்பான துகள் வந்தது. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள்னு நினைச்சு 'கார்போரண்டம்'னு பேர் வெச்சார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. பேர் மட்டும் நிலைச்சிடுச்சு. 1954ல் முருகப்பா குழுமம் வெளிநாட்டுக் கம்பெனிகளோட கூட்டு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் ஆரம்பிச்சாங்க. கொங்கு மண்ணிலிருந்து போன பேர், அமெரிக்கா சுத்திட்டு, கூட ஒரு 'கார்போ'வைச் சேர்த்துக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கு :-)

டம்ளரோட முதல் மூணு கட்டத்துத் தூளும் இந்தச் சிலிக்கன் கார்பைடுதான். கடைசிக் கட்டத்துக்குப் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, அதாவது வேதியியல்படி நம்ம குருந்தமேதான். சோ, வெளிநாட்டிலிருந்து தூள் வரவழைச்சுக் காசைக் கரைக்காதீங்க. பெரிய ஊர் ஹார்டுவேர் கடைகளிலும் சாணைக்கல் விக்கிற இடங்களிலும் எண் சொல்லிக் கேட்டுப் பாருங்க.

தூசி

இனி, முதலில் சொன்ன அந்தச் சோகம்.

கம்பாத்தில் பைக்குள்ள நடந்த வேலை ஈரத்தில் நடந்தது. அதுக்கு முந்தின வேலை, அதாவது கல்லைச் சக்கரத்தில் தேய்க்கறது, உலர்ந்த நிலையில் நடந்தது. மின்சாரச் சக்கரம் வந்ததும் வேகம் கூடுச்சு, கூடவே தூசியும். அது குவார்ட்ஸ் தூசி, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா. நுரையீரலுக்குள் போனா வெளியே வராது. அங்கேயே தழும்பாகி மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ்னு பேர். வந்துட்டா குணப்படுத்த மருந்து கிடையாது, காசநோயும் சுலபமா ஒட்டிக்கும். அகமதாபாத்தில் இருக்கிற தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத் அகேட் தொழிலாளர்களைப் பற்றிப் பல ஆய்வு செஞ்சிருக்காங்க. பல குடும்பங்கள் வீட்டு வாசலிலேயே சக்கரம் வெச்சுத் தேய்ச்சதால், வேலை செய்யாத வீட்டு ஆட்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும்கூட அந்த நோய் வந்தது. கூலிக்குக் கல் தேய்க்கிறவருக்கு நிரந்தர வேலையும் கிடையாது, நோய் வந்தால் தொழிலாளின்னு நிரூபிக்கச் சீட்டும் கிடையாது.

நாம கண்காட்சியில் கிலோ கணக்கில் வாங்கற பளபள அகேட் கல் பலவும் இந்த வட்டாரத்திலிருந்து வர்றதுதான். அந்த மலிவு விலையில் எதைச் சேர்க்கலைன்னு இப்போ புரியுது.

அதனால்தான் டம்ளர் எனக்கு ஒரு மரியாதையான மெஷினாத் தெரியுது. மூடின பீப்பாய், உள்ளே தண்ணி. தேய்ப்பு முழுக்க ஈரத்திலேயே நடக்குது, தூசி எழும்பவே எழும்பாது. நாலு வாரம் ஆகுதேன்னு அலுத்துக்கிட்டு உலர் சக்கரத்தில் தேய்ச்சு வேலையைக் குறுக்க நினைக்காதீங்க. கல்லை உடைக்கணும்னா ஈரத்துணியில் சுத்தி, கண்ணாடி போட்டுக்கிட்டு உடைங்க. தூளை நேரா முகத்துக்கிட்ட கொட்டாதீங்க. சிந்தின சேறு காயறதுக்கு முன்னாடி ஈரத்துணியால் துடைச்சிடுங்க. அந்தச் சேற்றைச் சிங்க்கில் ஊத்தவே கூடாது, அடியில் படிஞ்சு சிமெண்ட் மாதிரி இறுகிக் குழாயை அடைச்சிடும். ஒரு வாளியில் தெளியவிட்டுக் குப்பையோட போடுங்க.

எந்தக் கல்லைப் போடறது?

ஒரே கடினத்தன்மை உள்ள கல்லை ஒண்ணாப் போடணும். மென்மையான கல்லைக் குவார்ட்ஸோட போட்டா மென்மையானது கரைஞ்சு போகும். எங்க பக்கத்து சார்னோக்கைட் உறுதியான கல்தான் (சென்னை பல்லாவரம், பரங்கிமலையில் இருக்கிற அதே கல். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் சமாதிக்கல்லைப் பார்த்து அந்தப் பேர் வெச்சவர் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர்). ஆனா அதுக்குள்ள பலவகைக் கனிமம் கலந்திருப்பதால் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்தில் தேயும், மெருகு சீரா ஏறாது. முதல் தடவைக்கு வெங்கச்சங்கல் நல்லது. குவார்ட்ஸ்தான், கடினத்தன்மை 7, கரட்டுக் காட்டில் கிடைக்கும். விரிசல் இல்லாததாப் பொறுக்குங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். சாஸ்தா கோயில் பக்கத்துக் காடு எல்லாம் 2021ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த மலைப்பகுதி. காட்டுக்குள்ளிருந்து கல் எடுக்கறது சட்டப்படி தப்பு. சொந்தத் தோட்டத்துக் கல், கேட்டு வாங்கின கல், வீடு கட்ட இறக்கின ஜல்லிக் குவியல், இது போதும்.

சுருக்கமா: ரப்பர் பீப்பாய், 3 பவுண்டு, மெதுவாச் சுழலும் வகை, 230 வோல்ட் மோட்டார், உள்ளூர்த் தூள், வெங்கச்சங்கல், ஒரு மாசம் பொறுமை. கம்பாத் அறையில் இரண்டு பேர் பதினைஞ்சு நாள் கை வலிக்க இழுத்ததை நமக்காக ஒரு 25 வாட் மோட்டார் இழுக்குது. நாலு வாரம் காத்திருக்கறது அதுக்கு முன்னாடி பெரிய விஷயமே இல்லை.

சேலம், காங்கேயம் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு உதவி. உங்க ஊர்ல குருந்தக்கல் பொறுக்கினவங்க, அரக்குச் சாணை பிடிச்சவங்க கதை தெரிஞ்ச பெரியவங்க இருந்தா பேசி எழுதி வைங்க. கல் இருக்கும், கதை அவங்களோட போயிடும்.